வேப்பிலை தடுக்கிய இடம்

இது அம்மையே இல்லையோ என்று எனக்கு முதலில் தோன்றியது, வேப்பங்கொத்தால் உடம்பைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான். அக்குளுக்குக் கீழே இலை எதிலோ தடுக்கியது. தொட்டுப் பார்த்தேன். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லை.

அதுவரை அழுதபடிதான் கிடந்தேன். உக்குவளை என்ற ஊரில் வாடகை அறை. டியூஷன் கொடுத்துப் பிழைக்கிறேன். அம்மா குவைத்தில் வேலை. காய்ச்சலோடு செம்புள்ளிகள் எழும்பியதும் வீட்டுக்கார அக்கா, "மாரியாத்தா வந்திருக்கா தங்கச்சி, மருந்து மாத்திரை தொடாத" என்று வாசலில் வேப்பிலை செருகினார். பிறகு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. கஞ்சிக் கோப்பை மட்டும் வாசலுக்கு வரும். தலை வெடித்தது. மூச்சு வாங்கியது. செத்தால்கூட யாருக்குத் தெரியும்? "மாரியம்மா, வந்திருக்கிறது நீதானா? நீ இல்லையென்றால் எனக்குக் காட்டிக்கொடு" என்று கெஞ்சினேன். கெஞ்சிவிட்டுத்தான் அந்தக் கொத்தை எடுத்தேன்.

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். சின்னம்மை என்றால் நீர்க்கொப்புளம் வர வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் தட்டைப் புள்ளிகள். ஏன் இது முன்பே உறைக்கவில்லை? ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"ஆத்தா இருக்கிற நேரம் வாசல் தாண்டுறியே, என்ன துணிச்சல்டி உனக்கு!"

"ஆத்தாதான் போகச் சொல்றா, அக்கா."

ஆஸ்பத்திரியில் பொருக்கைப் பார்த்ததுமே டாக்டர், "எந்தப் பத்தை புதருக்குள்ள போய் நுழைஞ்சீங்க?" என்றார். நாலந்தாக் காட்டுப் பக்கம் செடிகொடி பார்க்க அலைந்ததைச் சொன்னேன்.

"இது உண்ணி கடிச்ச இடம். உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு. எலிக்காய்ச்சலாவும் இருக்கலாம். ரிப்போட் வரும்வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க ஏலாது. இந்த மருந்து ரெண்டுக்கும் கேட்கும்."

டொக்சிசைக்ளின். பலவகை பாக்டீரியாக்களைத் தாக்கும் மருந்து. நம் உயிரணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் விடாது. கிருமி புரதம் செய்யும் இடத்தை அடைத்துவிடும். கிருமி பெருக முடியாமல் நிற்கும்போது, மிச்சத்தை நம் உடம்பே பார்த்துக்கொள்கிறது. சிலவகை நெஞ்சுத் தொற்றுக்கும் முகப்பருவுக்கும்கூடக் கொடுப்பார்களாம். ஆனால் வைரஸால் வரும் அம்மைக்கும் தடிமன் சளிக்கும் கேட்காது. டாக்டர் சொல்லாமல் விழுங்கவும் கூடாது.

என்னை வார்டில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் ஆள் வரும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மருந்து தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மறுபடி அழுதேன். மாரியம்மாவுக்கு நன்றி சொல்லத்தான்.

தனியே படுத்திருப்பவர்களே, அவளிடம் கேளுங்கள். காட்டுவாள். காட்டியதும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பேச, கோவிலில் மைக் கேட்டிருக்கிறேன். காய்ச்சலும் புள்ளியும் கண்டால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லப்போகிறேன். "ஆத்தா கோவில்லயே ஆத்தாவுக்கு எதிரா பேசுவியோ?" என்று வீட்டுக்கார அக்கா இப்போதே கேட்கிறார். அந்தக் கேள்வியோடு முன்வரிசையில்தான் உட்காரப்போகிறார். மாரியம்மா, பேசும்போது என் பக்கத்தில் நில்.