நஸீர் தம்பி கேட்டு வாங்கிய இரண்டாம் படி

திங்கட்கிழமை காலை சுவாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது தொலைபேசி அடித்தது. படகுத்துறைக்கு அக்கரையிலுள்ள கிண்ணியாவிலிருந்து நஸீரின் மனைவி. "அவர் மௌத்தாகிட்டார் அக்கா. உங்களுக்குச் சொல்லாம விடக் கூடாதெண்டு எடுத்தன்" என்றார். அவர் இறந்த செய்திக்கு அழுகை வருமுன் எனக்கு வெட்கம்தான் வந்தது.

யுத்தகாலத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த நிவாரண அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். கணினிகளைத் திருத்தியவர், பகிடியாகக் கதைப்பவர். நான் வீட்டுக் கணக்கும் கோயில் கணக்கும் எழுதிவந்தவள். மகனுடைய பழைய கணினியில் தட்டித் தட்டி நானாகப் பழகி, இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்களைப் பதிய அங்கே சேர்ந்தேன்.

ஒரு வருடம் கொழும்பிலிருந்து திறன் சட்டகம் என்று ஒன்று வந்தது. கணினி வேலை ஒவ்வொன்றுக்கும் படிகள். முதல் படிக்கு ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். இரண்டாம் படி, உதவியோடு செய்வது. மூன்றாம் படி, தனியே செய்து அதற்குப் பதிலும் சொல்வது. முதலில் நமக்கு நாமே படி போட்டு, செய்த வேலை ஒன்றை ஆதாரமாகக் காட்ட வேண்டும். பிறகு கூட வேலை செய்பவர் சரிபார்ப்பார். நிரந்தர வேலையாக இருந்தது ஒரேயொரு இடம். அது தரவுகளைப் பாதுகாப்பதில் மூன்றாம் படியில் உள்ளவருக்கு.

நாங்கள் பெண்கள் எல்லோரும் எங்களுக்கு முதல் படியே போட்டோம். தெரியும் என்று எழுதுவது அகங்காரம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஆதாரம் என்ற இடத்தில் நான் "கடவுள் செயல்" என்று எழுதினேன். என்னைச் சரிபார்க்க வேண்டியவர் நஸீர். "அக்கா, கடவுளுக்கு இந்த ஒபிஸில சம்பளம் இல்லயே. நீங்க என்ன செஞ்சீங்க, அதச் சொல்லுங்க" என்றார். சொல்ல ஒன்று இருந்தது; நான் தாளை மடித்துவிட்டேன்.

சில மாதம் முந்தி, சண்டை நடந்த ஒரு நாள், கணினி பழுதாகி, மறுநாள் உலர் உணவு கொடுக்க வேண்டிய குடும்பங்களின் பதிவு முழுக்கப் போய்விட்டது. கணக்கெழுதிப் பழகிய பயத்தில் நான் ஒவ்வொரு நாளும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். வேறு யாரும் வரமுடியாத அன்று தனியாக இருந்து எல்லாவற்றையும் மீட்டேன். நஸீர் செய்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. தாழ்மை என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த நிரந்தர இடத்துக்கான நேர்முகத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி அந்த நாளைப் பற்றிக் கேட்டார். "நஸீர் தம்பி காட்டித் தந்தபடி செய்தனான்" என்றேன். சரிபார்ப்பவராக அவரும் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவரும் அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிறது, வீட்டில் கைக்குழந்தை. பேசாமல் இருந்தாலே வேலை அவருக்குத்தான்.

"இல்ல சேர்" என்றார். "அண்டைக்குத் துறையில படகு ஓடல்ல. நான் கிண்ணியாவில நிண்டனான், போனும் இல்ல. அக்கா தனியாச் செஞ்சது. நான் இன்னும் தனியா மீட்டதில்ல. அந்த வேலைக்கு எனக்கு ரெண்டாம் படியப் போடுங்க."

வெளியே வந்ததும், "என்னப் பொய்யனாக்கப் பாத்தீங்களே அக்கா" என்று சிரித்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கும்பிடுகிறவள் நான், உண்மை சொன்னவர் அவர்.

இடம் எனக்குக் கிடைத்தது. அவருக்கு ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினார்கள். அடுத்த வருடம் அவரைச் சரிபார்க்க வேண்டியவள் நான். தனக்கு இரண்டு போட்டிருந்தார். வெட்கம் தாங்காமல் அதை வெட்டி மூன்று எழுதினேன். தாளை வாங்கித் திரும்பவும் இரண்டாக்கினார்.

"வெக்கத்துக்குப் படி போடாதீங்க அக்கா. செய்ய விடுங்க. செஞ்ச பிறகு போடுங்க."

அதன்பின் மறுபடியும் கணினி பழுதான ஒரு நாளில் அவரைத் தனியே செய்ய விட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். இடையில் ஒருமுறை பொறுக்க ஏலாமல் உள்ளே காலடி வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பின்வாங்கினேன். பின்னேரம் பதிவுகள் எல்லாம் வந்துவிட்டன. அன்றுதான் மூன்று எழுதினேன். அவர் மறுக்கவில்லை.

நஸீர் தம்பியிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த வெட்கம். அது என்னைவிட்டுப் போகட்டும் என்று ஒருநாளும் கும்பிட்டதில்லை. அது இருக்கும் வரை ஒருவரையும் கூட்டியோ குறைத்தோ எழுத என் கை வராது. என்னையும்தான்.