டயனாவின் புதன்கிழமைகள்

லண்டன் ஸ்ட்ரெதமில் டயனா படித்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் மிகச் சிறியது. எல்லா வகுப்பும் சேர்ந்தால் இருநூறு பிள்ளைகள்கூடத் தேறாது. படிப்புக்கு எவ்வளவு மதிப்போ சமூக சேவைக்கும் அவ்வளவு மதிப்பு. புதன்கிழமை பின்னேரங்களில் மூத்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது. தனித்திருக்கும் முதியவர்கள், நோயாளிகள் வீடுகளுக்குப் போகவேண்டும். அறுபது மணித்தியாலம் முடித்தால்தான் பல்கலைக்கழக உதவித்தொகைக்குப் பள்ளிக்கூடம் சிபாரிசு எழுதும்.

டயனாவுக்கு அதில் பாதியும் முடியவில்லை. தாய் இசபெலுக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஒன்றரை வருடமாகிறது. தகப்பன் சவிரிமுத்துவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. உள்ளூராட்சிக் கவுன்சில் அனுப்பும் பெண் காலையில் அரை மணித்தியாலம் நின்று குளிக்கவார்த்துவிட்டுப் போவாள். மருந்து, சமையல், கழிவறைக்குப் பிடித்துக்கொண்டு போவது எல்லாம் பதினேழு வயது டயனாதான். சேவைக்குப் போகும் நாளில் வீடு வர இருட்டிவிடும், அதுவரை தாய் தனியே இருப்பாள் என்பதால் பல புதன்களில் சாட்டுச் சொல்லி வீட்டுக்கு ஓடிவிடுவாள். உண்மையைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. பரிதாபமாகப் பார்ப்பார்கள் என்ற கூச்சம்.

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன், மோர்டனில் அவள் பத்திரிகை வாசித்துக்காட்டும் கிழவி பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டயனா நேரத்தோடு வீடு திரும்பிக் கதவைத் திறந்தாள். தாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு, வகுப்புத் தோழன் ஹரீஷ் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

"உன்ரை பள்ளிக்கூடப் பிள்ளையாம்," என்றாள் இசபெல். "கோயில் ஃபாதரிட்டை சொல்லி நான்தான் உங்கடை பள்ளிக்கூடத்துக்குப் பேர் குடுத்தனான். நீ எனக்காக ஓடி ஓடி வரத் தேவையில்லை."

ஹரீஷ் எழுந்து நின்றான். "உன் அம்மான்னு எனக்குத் தெரியாது. சுவர்ல உன் படத்தைப் பார்த்த பிறகுதான்..." என்று இழுத்தான். போகும்போது, இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்த தாளில் இசபெலிடம் கையெழுத்து வாங்கினான்.

மறுநாள் டயனா சேவைப் பொறுப்பாசிரியை மிஸ் கோல்மனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமை தாயோடு தான் இருப்பதையே சேவையாகக் கணக்கெடுக்கும்படியும் ஹரீஷை மோர்டன் கிழவியிடம் அனுப்பும்படியும் கேட்டாள். மிஸ் கோல்மன் கண் கலங்கத்தான் கேட்டாள். ஆனால் சொந்த வீட்டில் செய்வது சேவையில் சேராது, விதியை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் டயனா யாரோ ஒருத்திக்குப் பத்திரிகை வாசித்தாள். அவளுடைய தாயோடு ஹரீஷ் இருந்தான். அவனில் கோபப்படவும் அவளுக்கு ஏலவில்லை. அவன் நல்ல பிள்ளை. தாயைச் சிரிக்க வைத்தான். ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பொதுப் பூங்காவைச் சுற்றி மூன்று தரம் நடந்தாள். வேறு எங்கே போவதென்று தெரியாமல் வீட்டுக்கே வந்தாள்.

சித்திரைக்குள் மணித்தியாலங்கள் முடிந்தன. சிபாரிசும் போனது. வடக்கே தொலைவிலுள்ள நியூகாசில் பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும்.

"போகாதை எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார் சவிரிமுத்து. போ என்றும் அவர் சொல்லவில்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஒரு கிழமை யோசித்துவிட்டு, வரவில்லை என்று டயனா நியூகாசிலுக்கு எழுதினாள். உதவித்தொகை இல்லாமல், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய லண்டன் இடத்தை எடுத்தாள். செய்தி கேட்ட இசபெல் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. கோயிலுக்கு வெளிக்கிடும்போது வாய் திறந்தாள்.

"எனக்காகத்தான் நிண்டனான் எண்டு ஒருநாளும் சொல்லிப்போடாதை."

"சொல்லமாட்டன் அம்மா," என்றாள் டயனா. குனிந்து, தாயின் இடது காலைத் தூக்கிச் சப்பாத்துக்குள் விட்டாள்.