வாசலில் இருந்த நாற்காலி

எனக்கு வயது எழுபத்தொன்று. அனுப்பர்பாளையத்தில் அட்டைப்பெட்டி செய்கிறேன். என் சரக்கில் பாதிக்குமேல் ஒரே பனியன் கம்பெனிக்குத்தான் போகும். அதன் மேனேஜருக்கு ஆறு தீபாவளிக்கு இனிப்புக் கொடுத்திருக்கிறேன்.

போன வருடம் அந்த ஆர்டர் நின்றது. பதினான்கு தடவை போய் மேனேஜர் அறை வாசல் நாற்காலியில் காத்திருந்தேன். என் ஆர்டரைப் பிடித்த வேறொரு பெட்டிக்காரன் கடந்துபோகும்போது, "ஏனுங்க, இந்த வயசுல ஊட்டுல இருக்கக் கூடாதுங்களா?" என்று சிரித்தான். இவனை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அவன் பெட்டியில் குறை தேடித்தான் பேக்கிங் பகுதிக்குள் நுழைந்தேன். அங்கே வேலை செய்யும் திருநெல்வேலிக்கார அம்மா என்னை மடக்கினார்.

"மேனேஜர் கையெழுத்துதான் போடுவாரு அண்ணாச்சி. எந்தப் பெட்டின்னு எங்ககிட்டத்தான் கேப்பாரு. அவருக்கு இனிப்புக் குடுத்திய, எங்களுக்குக் கையில கீறல்லா குடுத்திய!"

நான் மடித்த பெட்டிகள் இருபத்தைந்தை ஒரே கட்டாகப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி அனுப்புவேன். அதை அறுக்கும்போதெல்லாம் அவர்கள் கை கிழிந்திருக்கிறது. அவன் துணி நாடாவால் கட்டியிருந்தான்.

"அவன் கட்டுலயும் இருபத்தஞ்சுதான். தூக்குனா இடுப்பு ஒடியுது" என்றார்.

அது போதும் எனக்கு. பத்துப் பத்தாக, பனியன் கழிவுத் துணியால் கட்டி மாதிரிக்கு அனுப்பிப் பார்த்தேன். மூன்றாம் மாதம் ஆர்டர் திரும்பி வந்தது.

இப்போது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கட்டுப் பிரிப்பவர்களிடம்தான் முதலில் பேசுகிறேன். அந்த வாசல் நாற்காலியில் இப்போது அவன் காத்திருக்கிறான். நேற்றோடு ஒன்பது தடவை. பதினான்கு ஆகும்வரை அவனிடம் கட்டு ரகசியத்தைச் சொல்லமாட்டேன். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை அவன் வாங்குவதில்லை, விசாரித்துவிட்டேன்.