பாரிஸுக்காகக் காத்திருந்த நான்கு மாதம்

நாங்கள் காரைக்கால் தருமபுரத்தில் இருக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. என் கணவருக்கு இடது மூக்கில் மட்டும் அடைப்பு, அவ்வப்போது ரத்தம். சளிதான் என்று சொட்டு மருந்து விட்டே காலத்தைக் கடத்தினோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சைனஸில் புற்றுநோய் என்றார்கள்.

"கட்டி கண்ணை ஒட்டின எலும்பு வரைக்கும் வந்திருக்குங்க. இன்னும் உள்ள போகல. இப்பவே ஆபரேஷன் பண்ணா கண்ணைக் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இவர், "கண்ணு விஷயம், இங்க வேணாம். நம்மகிட்டதான் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கே, பாரிஸ்ல பையன்கிட்ட போயிடுவோம்" என்றார். டாக்டர் 'இப்பவே' என்றது எனக்கு உறுத்தியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மகனைப் பார்க்கலாமே என்ற ஆசை எனக்கும் இருந்தது.

பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுப்பித்து, அங்கே ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்துப் போய்ச் சேர நான்கு மாதம் ஆகிவிட்டது. பாரிஸ் டாக்டர் சொன்னதை மகன் தமிழில் சொன்னான்: "கட்டி கண்ணுக்குள்ள போயிடுச்சும்மா. ஊர்லயே உடனே பண்ணியிருக்கலாமாம்."

உயிர் பிழைத்தார். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும், "எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? தள்ளிப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை.

அன்று ஏன் பேசாமல் இருந்தாய் என்று அவர் இதுவரை கேட்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, சாயங்காலம் கடற்கரைக்குப் போகும்போது நான் அவருக்கு இடப்பக்கமாகவே நடக்கிறேன். அந்தப் பக்கம் வண்டி வந்தால் அவருக்குத் தெரியாது.