அப்பா சொல்லாத பொய்

அப்பா எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிறது. அவர் பிறந்ததும் உழைத்ததும் மோகனூரை அடுத்த மேட்டுக்காட்டில்தான். காவிரி கண்ணுக்குத் தெரியும், அதன் தண்ணீர் மேட்டு நிலமான எங்கள் காட்டுக்கு ஏறாது. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் உண்டு என்று அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காசு வாங்காமல் சொன்னவர். எங்கள் காட்டில் மட்டும் அவர் காட்டிய மூன்று இடங்களிலும் போர் போட்டபோது மண்புகைதான் வந்தது. அதன்பின் அப்பா தேங்காயைக் கையில் எடுக்கவில்லை.

அண்ணன் எழுபதுகளிலேயே கனடாவுக்குப் போய்விட்டார். கோதுமை விளையும் சமவெளியில் ஒரு சிற்றூர், அங்கே தானியக் கிடங்கில் வேலை. அவருக்கு வீட்டுக் கடிதம் எழுதுவது நான். கிணறு நிறைந்து கிடக்கிறது, வந்துவிடு என்று அப்பா சொல்லாததையும் சேர்த்து எழுதினேன். எப்படியாவது அவர் வந்தால் போதும் என்றிருந்தது.

அம்மா தவறிய மறுவருடம் அண்ணன் டிக்கெட் அனுப்பினார். மகனைக் கையோடு அழைத்து வருவதென்று அப்பா கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

அண்ணன் இருந்த ஊரில் ஒரே தெரு. ரயில் பாதையோரம் மரத்தால் கட்டிய உயரமான தானியக் கிடங்கு. அதைத் தாண்டினால் வானம்தான். அண்ணன் காரில் சுற்றிக் காட்டினார். சாலையின் இருபுறமும் முழங்காலுக்கு எட்டாமல் காய்ந்த கோதுமை, உப்புப் பூத்த குட்டைகள், கதவில்லாத மரவீடுகள்.

“ஏஞ்சாமி, இந்த ஊட்டுக்காரங்க எல்லாம் எங்க?” என்றார் அப்பா.

“மழை இல்லீங்கப்பா. காட்டை உட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க கிடங்கையும் மூடப் போறாங்க.” அண்ணன் காரை நிறுத்தினார். “நானும் ஊருக்கே வந்துர்றேனுங்க. கெணத்துல தண்ணி கெடக்குதுன்னு தங்கச்சி எழுதுச்சுங்களே?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன். ஆமாம் என்று அப்பா ஒரு சொல் சொன்னால் போதும், அண்ணன் வந்துவிடுவார். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தோம்.

“இல்ல சாமி. கெணறு வத்திப் போச்சு. மூணு போரு போட்டேன், மூணும் புகை. நீ வராத.”

அண்ணன் இன்னும் தொலைவில் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார். கடிதம் குறைந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படுக்கையில் கிடந்த கடைசி மூன்று மாதமும், “கடுதாசி வந்துச்சா?” என்று கேட்பார். இல்லை என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

இறந்தவரைக் குளிப்பாட்ட, மூத்த மகன் சொந்தக் கிணற்றில் நீர் மொண்டு வருவது எங்கள் வழக்கம். மகனும் ஊரில் இல்லை, கிணற்றில் நீரும் இல்லை. பக்கத்துக் காட்டு மாமா தம் கிணற்றுக்கு வரச் சொன்னார். பெரியப்பா மகன் குடம் எடுத்தார். அந்தக் கிணறு என்றோ அப்பா தேங்காய் வைத்துக் காட்டிய இடத்தில் தோண்டியது. அவ்விருவருக்கும், அன்று தோள் கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

காரில் அன்று ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே அப்பா.