வசந்தா அக்காவின் மூக்குத்தி

புத்தூர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தா அக்காவின் மகன் போன் செய்தான். "அம்மா போயிட்டாங்க மாமா. காபி குடிச்சிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க. கஷ்டப்படல." கஷ்டப்படவில்லை என்றதும் அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிதான் வந்தது. அக்காவை அறிந்தவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நகரியில் ஒரே பள்ளியில் அவர் கணக்கு, நான் அறிவியல். தான்சானியாவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கோடை விடுமுறையில் பாடம் நடத்தத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். அக்கா தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டு, பிறகுதான் என்னிடம் சொன்னார். "இங்க வெயில்ல காயறதுக்கு அங்க போய் நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம், வாடா."

போன இடத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே தாடைக்குக் கீழே ஒரு வீக்கம். என் அப்பாவுக்கும் தாடை வீக்கத்தில்தான் ஆரம்பித்தது, அவர் பிழைக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். ஊரில் விட்டுவந்த கைக்குழந்தையை இனிப் பார்க்கப்போவதில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டில் அக்கா, ஊரிலிருந்து கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயை வைத்தார். நாக்கில் பட்டதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா, துன்ன உடனே சுருக்குன்னு இழுக்குதா?" துண்டை விலக்கித் தொட்டுப் பார்த்தவர், சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "டேய், பொன்னுக்கு வீங்கிடா! சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது!"

"எங்க நைனாவுக்கும் இப்படித்தாங்க்கா ஆரம்பிச்சுது."

"மொதல்ல சிரிச்சிடு. அப்பறமா பயந்துக்கலாம்."

மருத்துவரும் பொன்னுக்கு வீங்கிதான் என்றார். பிள்ளைகளிடமிருந்து தொற்றியிருக்கும், இறங்கும்வரை வகுப்புக்குப் போகாதே என்றார். அவர் காலில் விழாத குறை.

இதற்கு நம் பக்கத்தில் கழுத்தில் தங்கம் போடவேண்டுமே! நகை எதுவும் கொண்டுவரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அக்கா மூக்குத்தியைத் திருகி எடுத்து, வெள்ளை நூலில் கோத்து நீட்டினார்.

"நான் சயின்ஸ் வாத்தியாருக்கா."

"உன் கழுத்து சயின்ஸ் படிச்சுதா? கட்டிக்கடா."

கட்டிக்கொண்டேன். ஊருக்குக் கிளம்பும்போது திருப்பிக் கொடுத்தால், அவர் மூக்குத் துளை தூர்ந்துபோயிருந்தது. அதன்பிறகு அவர் மூக்குத்தி போடவே இல்லை.

போன மாதம் திருச்சானூர் வீட்டில் அவரைப் பார்த்தபோது, ஏன் மறுபடி குத்திக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

"குத்திக்கறதுக்கு பயம்டா."

"நீங்களா? அன்னைக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சீங்களே!"

"உங்க நைனாவப் பாக்க ஆஸ்பத்திரிக்கு நானும்தானே வந்தேன்? உன் கழுத்தைத் தொட்டப்போ என் கை நடுங்கிப்போச்சு. டாக்டர் சொல்றவரைக்கும் பயந்துக்கினுதான் இருந்தேன்."

அந்த நடுக்கம் எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே நான் பாதி செத்திருப்பேன்.

அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து, முழங்கை வீங்கி, அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றாள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் சிரித்தேன். அவளும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகுதான் எக்ஸ்ரே எடுக்கப் போனோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கை நடுங்கியதை அவள் பார்க்கவில்லை.