அப்புத்தளைக்கு அப்பால் இரண்டு நிமிடம்

கூ... என்று ஒரு நீண்ட சத்தம். மகளின் கைபேசியில் நீல ரயிலொன்று சுரங்கத்துக்குள் நுழைகிறது. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து கூவுகிறார்கள். வெளியே வந்ததும் தேயிலை மலை, மேகம், ரயில் வாசலில் தொங்கியபடி சிரிக்கும் வெள்ளைக்காரி. "அம்மா, நாங்களும் இதில போவமா?" என்றாள் மகள். நிற்பாட்டு அதை என்று கத்திவிட்டேன். நாவற்குடாவில் காற்று அடங்கிப்போன பின்னேரம். என் குரல் நாலு வீடு தாண்டிப் போயிருக்கும்.

எட்டு வயதில் அதே பாதையில் நான் போயிருக்கிறேன். அப்பா, அம்மா, நான், இன்னும் தவழத் தொடங்காத தம்பி. தம்பியைத் தூக்கிக்கொள்ள, எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற அக்கா. அவர் மலைநாட்டுக்காரர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், தன் அண்ணனிடம், மகளை விட்டுவிட்டு வந்தவர். இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை. போகவில்லை என்பது பொய், நாங்கள் விடவில்லை. முதலில் எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட அம்மாள் வருத்தம், பிறகு அம்மாவுக்குப் பிள்ளைப்பேறு. காரணத்துக்கா பஞ்சம்.

இன்ன நாள், இன்ன ரயில், அப்புத்தளைக்கு அடுத்த சின்ன ஸ்டேசனில் நிற்கும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று அவர் சொல்லச் சொல்ல, அந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதியது நான்தான்.

பதுளையில் ஏறியதிலிருந்து அப்பா கமராவைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. "என்ன வடிவு, என்ன வடிவு" என்றபடியே வந்தார். அருவியும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களும் அவருக்கு ஒன்றுதான்.

அப்புத்தளை கழிந்ததும் அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்தார். "அம்மா, ஸ்டேசன் வருதுங்க. ஒரு எட்டு எறங்கிப் பாத்துட்டு வந்துர்றேன்."

அம்மா தம்பியைத் தூக்கி அவர் கையில் வைத்தார். "இவன ஆரு பிடிக்கிற? யன்னலால பாத்தாப் போதாதா கா?"

"ரெண்டு நிமிசம்தான் நிக்கும். ரெயில் வெளிக்கிட்டா, பொறகு நாங்க உன்னத் தேடித் திரியிறதா?" அப்பா சிரித்தார்.

யன்னலோரம் இருந்தது நான்.

ரயில் நின்றது. மேடையில் ஒரு ஆளின் கையைப் பிடித்தபடி என் உயரத்தில் ஒருத்தி நின்றாள். அம்மா எப்போதோ பார்சலில் அனுப்பிய என் பழைய மஞ்சள் சட்டை அவள் உடம்பில். அவளைக் கண்டதும் அக்காவின் முகம் விரிந்தது பாருங்கள், அப்படியொரு முகத்தை எனக்கு அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

"கண்ணு, கொஞ்சம் தள்ளிக்கிறியா?"

"இது என்ட சீற்."

யன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். என்னை ஒருவரும் அதட்டவில்லை. அக்கா என் தலைக்கு மேலால் குனிந்தார். ஒரு கையில் தம்பி வீறிட்டான். மறு கை என் தோளைத் தாண்டி வெளியே நீண்டது. விரல்கள் தொட்டனவா என்று கேட்டால் தெரியாது. நான் வேண்டுமென்றே மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா படம் எடுத்தார். இன்னும் அல்பத்தில் இருக்கிறது: மஞ்சள் சட்டைச் சிறுமி, பின்னால் மேகம் மூடிய மலை, ஓரத்தில் பாதியில் வெட்டுப்பட்ட ஒரு கை. கீழே அப்பாவின் முத்தான எழுத்தில், 'மலைநாட்டுக் காட்சி'. காட்சியாம்.

கோபிக்க அப்பா இன்று இல்லை. அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. மிஞ்சியிருப்பது அந்த எட்டு வயதுக்காரி மட்டும்தான்; அவளைத்தான் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. அன்று அவளுக்குப் பெரிய சந்தோஷம். அக்கா இறங்கவில்லை, எங்களோடுதான் வருகிறார். ஒரு பிள்ளையின் தாயை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

ரயில் அசைந்தது. சிறுமி கூடவே ஓடிவந்தாள்.

"எப்பம்மா வருவே?"

அக்கா என் அம்மாவை ஒருதரம் பார்த்தார். பிறகு தம்பியை யன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இந்தத் தம்பி நடக்கட்டும் கண்ணு, வந்துர்றேன்."